மேக்குக்குப் போகும் செயலி: நிறம் மாற்றினால் போதுமா?

மலேசியாவின் லுக்குட், போர்ட்டிக்சன் தோட்டப்புறங்களில் வளர்ந்து இன்று மென்பொருள் எழுதும் இளையோரிடம் ஒரு நம்பிக்கை உண்டு. விண்டோஸ் செயலியை மேக்குக்கு மாற்றும்போது பொத்தானின் வடிவத்தையும் நிறத்தையும் மாற்றிவிட்டால் அது மேக் செயலியாகிவிடும் என்பார்கள்.

ஆகாது. விண்டோஸில் 'சரி' முன்னால், 'ரத்து' பின்னால். மேக்கில் உறுதிசெய்யும் பொத்தான் வழக்கமாக வலக்கோடியில் இருக்கும். பழகிய கை பொத்தானின் பெயரைப் படித்துவிட்டு அழுத்துவதில்லை. விண்டோஸ் வரிசையை அப்படியே கொண்டுபோனால், சேமிக்க நினைத்தவர் ரத்து செய்துவிடுவார். கியூட்டி, டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் போன்ற கருவித்தொகுப்புகளில் தளத்துக்கேற்ப இந்த வரிசையை மாற்றும் வசதி உண்டு. பொத்தான்களைத் தாமே அடுக்கி வைப்பவருக்கு அது கைகொடுக்காது.

'ஒரே நிரலை எல்லாத் தளத்திலும் ஓட்டுவோம், பயனர் பழகிக்கொள்வார்' என்பது அடுத்த நம்பிக்கை. மைக்ரோசாஃப்ட் 1994இல் அதைச் செய்து பார்த்தது. மேக்குக்கான வேர்டு 6, விண்டோஸ் பதிப்போடு பொதுவான நிரலிலிருந்து பிறந்தது. மெதுவாக ஓடியது, விண்டோஸ் போலவே நடந்துகொண்டது. பயனர் பழகவில்லை, பலர் பழைய வேர்டு 5.1ஐயே வைத்துக்கொண்டார்கள். மேக்குக்கென்றே அக்கறையோடு செய்த ஆஃபிஸ் 98 வந்த பிறகுதான் மனத்தாங்கல் தணிந்தது. ஓப்பன் ஆஃபிஸும் 2008 அக்டோபரில் 3.0 வரும்வரை மேக்கில் எக்ஸ்11 என்ற இன்னொரு அடுக்கின் மேல்தான் ஓடியது.

நமக்கு மிக அருகில் உள்ள தவறு மூன்றாவது: எழுத்துரு இருந்தால் தமிழ் தானாக வந்துவிடும் என்பது. மேக்கோடு வரும் இணைமதி, தமிழ் சங்கம் எம்என் இரண்டையும் வடிவமைத்தவர் மலேசியரான முத்து நெடுமாறன். ஆனால் எழுத்துரு தனியாக வேலை செய்வதில்லை. 'கெ' என்பதில் ககரம்தான் முதலில் சேமிக்கப்படுகிறது; திரையில் கொம்பு அதற்கு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தை மேக்கில் கோர் டெக்ஸ்ட்டும், விண்டோஸில் டைரக்ட்ரைட்டும், லினக்ஸில் பெரும்பாலும் ஹார்ஃப்பஸும் செய்கின்றன. இவற்றை ஒதுக்கிவிட்டுச் செயலி தானே எழுத்துகளை வரிசையாக வரைந்தால், கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவர் கண்ணில் இது படவே படாது.

தட்டச்சும் அப்படித்தான். மேக்கிலேயே அஞ்சல், தமிழ்99 விசைமுகங்கள் இருக்கின்றன. தானே வரைந்த உரைப்பெட்டி விசைகளை நேரடியாகப் பறித்துக்கொண்டால், ரோமன் விசைகளில் ஒலிப்படி தட்டும் அஞ்சல் முறையில் 'அம்மா' என்று தட்டுபவர் திரையில் ரோமன் எழுத்துகளைப் பார்ப்பார். தன் மொழி இந்தக் கணினியில் இல்லை என்றே நினைப்பார். பக்கத்துச் சாளரத்திலோ அது ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்.

பொத்தான் அகலத்தையும் புள்ளிக் கணக்கில் கட்டிப்போடாதீர்கள். ஒவ்வொரு தளத்திலும் எழுத்துரு வேறு, அகலம் வேறு. 'ரத்து செய்' பாதியில் வெட்டுப்படும். செயலியை மாற்றத் தொடங்கும் முதல் நாளே அதன் உரைப்பெட்டியில் 'கொக்கு' என்று தட்டிப் பாருங்கள். அது சரியாக வந்தபின் நிறத்தைக் கவனிக்கலாம்.