முதல் ஆண்டு என்னும் வளைவு



ஒவ்வோர் ஆண்டும் நம் சங்கக் குடும்பங்களிலிருந்து சில பிள்ளைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியூர்க் கல்லூரிக்குக் கிளம்புகிறார்கள். இடம் கிடைக்கும்வரை நாம் படுகிற கவலையில் பாதியைக்கூடச் சேர்ந்த பிறகு வரும் முதல் ஆண்டைப் பற்றி நாம் படுவதில்லை. இரயில் பாதைப் பிரிவில் முப்பத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அந்த அனுபவத்தை வைத்தே இதைச் சொல்ல முயல்கிறேன்.

நேரான பாதையை நாங்கள் ஒரேயடியாக வளைவோடு இணைப்பதில்லை. நடுவில் ‘ட்ரான்சிஷன் கர்வ்’ என்று ஒரு பகுதி போடுவோம். அதில் வளைவு சிறிது சிறிதாகக் கூடும். வெளிப்பக்கத் தண்டவாளமும் சிறிது சிறிதாக உயரும். அது இல்லாவிட்டால் வண்டி குலுங்கும், வேகம் கூடினால் ஆபத்தும் உண்டு. பள்ளிக்கூடம் நேர்பாதை, கல்லூரி வளைவு. முதல் ஆண்டுதான் நடுவில் உள்ள அந்தப் பகுதி. அங்கே தடுமாறுவது குற்றமல்ல. தடுமாற்றத்தை மறைப்பதுதான் ஆபத்து.

தாத்தாவும் பேரனும்

1975-ல் தமிழ் வழியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துப் பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். திசைவேகம், முடுக்கம் என்று படித்தவனுக்கு ‘வெலாசிட்டி’, ‘ஆக்ஸிலரேஷன்’ என்று ஆசிரியர் சொன்னது எதுவும் விளங்கவில்லை. எழுந்து கேட்க வெட்கம். வீட்டுக்கு இன்லண்ட் லெட்டரில், “நலம், நன்றாகப் படிக்கிறேன்” என்றே எழுதி வந்தேன். தேர்வில் இரண்டு பாடங்களில் தோல்வி. அதை அப்பாவிடம் சொல்ல ஒரு மாதம் ஆயிற்று. அவர் திட்டவில்லை. “முன்னாலேயே சொல்லியிருந்தால் ஒரு வழி செய்திருப்பேனே” என்று மட்டும் சொன்னார். பிறகு ஒரு சீனியர் மாணவர், நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல் என்று எழுதப் பழக்கினார். அடுத்த தேர்வில் இரண்டையும் முடித்தேன்.

2024-ல் என் பேரன் நாகபுரியிலிருந்து கோவைக்குப் படிக்கப் போனான். “நம் ஊருக்குத்தானே போகிறான்” என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். ஆனால் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்குப் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியவில்லை. விடுதியில் அவனுக்கு ‘ஹிந்திக்காரன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இங்கே ‘மதராசி’, அங்கே ‘ஹிந்திக்காரன்’! தொலைபேசியில் மட்டும், “எல்லாம் நல்லா இருக்கு தாத்தா” என்பான். முதல் செமஸ்டரில் ஒரு பாடம் போயிற்று. அதைக் கேட்டதும் அவனுக்கு என் 1975-ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னேன். “தாத்தா, நீங்களுமா?” என்றான். அதன் பிறகுதான், பல காலை வேளைகளில் வகுப்புக்கே போகாமல் அறையில் படுத்துக் கிடந்ததைச் சொன்னான். நான் ஐம்பது ஆண்டுகள் சொல்லாமல் வைத்திருந்த கதை, அவனுக்குப் பேச வாய் கொடுத்தது.

பிள்ளைகள் அறிய வேண்டிய கணக்கு

கல்லூரியில் பாடங்களை ‘கிரெடிட்’ என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். விரிவுரைப் பாடத்தில் ஒரு கிரெடிட் என்பது ஒரு செமஸ்டரில் 15 மணி நேர வகுப்பு. நான்கு கிரெடிட் பாடத்துக்கு 60 மணி நேரம். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் 75 சதவீத வருகை கேட்கின்றன. அதாவது 45 மணி நேரம் வந்தாக வேண்டும், 15 மணி நேரம்தான் விடலாம். வாரத்துக்கு நான்கு வகுப்பு என்றால், தீபாவளிக்கு ஒரு வாரம், அத்தை மகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம், பாட்டியைப் பார்க்க ஒரு வாரம் என்று ஊருக்கு வந்தால் 12 வகுப்பு போய்விடும். பிறகு காய்ச்சல் வந்து படுத்தால் மிச்சம் மூன்றே வகுப்பு. ஆகவே பிள்ளையை விசேஷத்துக்கு அழைக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இனி மதிப்பெண். பத்துப் புள்ளி முறையில், நான்கு கிரெடிட் வீதம் ஐந்து பாடங்களில் 8, 8, 7, 7, 0 என்று வாங்கினால் மொத்தம் 120. அதை 20 கிரெடிட்டால் வகுத்தால் சராசரி 6.0. தோற்ற பாடத்தை மீண்டும் எழுதி 7 வாங்கினால் மொத்தம் 148, சராசரி 7.4. மறுதேர்வு மதிப்பெண்ணைச் சேர்க்கும் விதி இடத்துக்கு இடம் மாறும். கல்லூரியின் விதிப் புத்தகத்தை முதல் வாரமே படித்துவிடுங்கள். ஒரு தோல்வியோடு வாழ்க்கை முடிவதில்லை என்பதை இந்தக் கணக்கே காட்டுகிறது.

புரியாததை அந்த வாரமே கேளுங்கள். வகுப்பில் வெட்கமாக இருந்தால் ஆசிரியரின் அறைக்குப் போய்க் கேளுங்கள்.

ராகிங் என்பது விளையாட்டல்ல. 2009-ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிகள் அதைத் தடை செய்திருக்கின்றன. புகார் சொல்ல 1800-180-5522 என்ற இலவச எண் உண்டு. மனம் சோர்ந்து, உறக்கமும் பசியும் கெட்டால் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் பேசலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய சேவை இது. தமிழிலும் பேசுவார்கள்.

பெற்றோருக்கு

தொலைபேசியை எடுத்ததும் “எவ்வளவு மார்க்?” என்று கேட்காதீர்கள். “இந்த வாரம் எது கஷ்டமாக இருந்தது?” என்று கேளுங்கள். பதில் வந்தால் உடனே புத்தி சொல்லாமல் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருங்கள். நீங்கள் தோற்ற கதை ஒன்றிருந்தால், பிள்ளை தோற்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையை உதாரணம் காட்டாதீர்கள்.

தமிழ்நாட்டுக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் புறப்படும் முன் இரண்டு மாதமாவது தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு அனுப்பினாலும் சரி, நானே சொல்லித்தரத் தயார்.

பேரன் விட்ட பாடத்தை அடுத்த தேர்வில் எழுதி முடித்துவிட்டான். இப்போது பேருந்துப் பலகையையும் படிக்கிறான். “ஹிந்திக்காரன் என்றுதான் இன்னும் கூப்பிடுகிறார்கள் தாத்தா, ஆனால் அவர்கள் எல்லாரும் என் சிநேகிதர்கள்” என்கிறான்.

இந்த ஆண்டு புறப்படும் பிள்ளைகள் அனைவருக்கும் என் ஆசிகள்.