பழைய கணினியில் எந்த சர்வர் ஓஎஸ் ஏறும்?

கேள்வி: சிவகாசியில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். ஆறு கணினிகள், எல்லாமே விண்டோஸ். டிசைன் ஃபைல்கள் பென் டிரைவில்தான் அலைகின்றன. 2012இல் வாங்கிய ஒரு கணினி சும்மா கிடக்கிறது: கோர் ஐ5-3470, 8 ஜிபி ராம், மதர்போர்டிலேயே ரியல்டெக் நெட்வொர்க். அதை சர்வராக்க ஆசை. ரெட் ஹாட் 10 போடச் சொல்கிறார் ஒருவர். ஈஎஸ்எக்ஸ்ஐ என்கிறார் இன்னொருவர். எது சரி?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

பதில்: இரண்டுமே உங்கள் கணினியில் ஏறாது. ராமும் டிஸ்க் இடமும் போதுமா என்றுதான் பலரும் பார்க்கிறார்கள். காலை வாருவது பெரும்பாலும் ப்ராசஸரும் நெட்வொர்க் சிப்பும்தான்.

ரெட் ஹாட் 10 இயங்க ப்ராசஸரில் ஏவிஎக்ஸ்2 வசதி வேண்டும். இன்டெல் அதை 2013இல், நான்காம் தலைமுறை கோர் சிப்புகளில்தான் கொண்டுவந்தது. உங்களுடையது மூன்றாம் தலைமுறை. ரெட் ஹாட் 9 என்றால் ஏறும். ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் ஈஎஸ்எக்ஸ்ஐயின் கதை வேறு: உங்கள் ரியல்டெக் சிப்புக்கான டிரைவர் அதனுடன் வருவதில்லை. நெட்வொர்க் கார்டு கிடைக்கவில்லை என்று இன்ஸ்டாலேஷன் பாதியிலேயே நின்றுவிடும்.

விண்டோஸ் சர்வர் 2025 கேட்கும் எஸ்எஸ்இ4.2, பாப்கவுண்ட் இரண்டும் உங்கள் சிப்பில் உண்டு. ஆனால் நான்கு கோர்தான் இருந்தாலும் குறைந்தது 16 கோருக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும். பயனர்களுக்கான லைசென்ஸ் தனி. ஃபைல் பகிர மட்டும் இவ்வளவு செலவு வீண்.

என் தேர்வு டெபியன் 13 லினக்ஸ். ரியல்டெக் டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. டெபியனில் சாம்பா என்னும் ஃபைல் பகிர்வு மென்பொருளை நிறுவினால், விண்டோஸ் கணினிகளுக்கு சர்வர் சாதாரண நெட்வொர்க் ஃபோல்டராகத் தெரியும். டெஸ்க்டாப் இல்லாமல் நிறுவுங்கள். 8 ஜிபி தாராளம்.

டிஸ்க்கை அழிக்கும் முன் டெபியன் லைவ் பதிப்பைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்து பாருங்கள். ‘எல்எஸ்பிசிஐ -கே’ கட்டளை கொடுத்தால் ஒவ்வொரு சிப்பையும் எந்த டிரைவர் இயக்குகிறது என்று காட்டும். ஈதர்நெட் வரிக்குக் கீழே ‘ஆர்8169’ இருந்தால் கவலையில்லை.

நிறுவியதும் 2 ஜிபி அளவுள்ள ஒரு ஃபைலை அனுப்பிப் பாருங்கள். நொடிக்கு 100 எம்பியை ஒட்டி வந்தால் கிகாபிட் வேகம் கிடைக்கிறது. 11 எம்பியிலேயே நின்றால் கேபிளையோ ஸ்விட்சையோ மாற்றுங்கள். ஓஎஸ்ஸைக் குறை சொல்ல வேண்டாம்.

2012ஆம் ஆண்டு ஹார்டு டிஸ்க்கில் மட்டும் வாடிக்கையாளர் வேலையை வைக்காதீர்கள். லைசென்ஸில் மிச்சமாகும் பணத்தில் இரண்டு புது டிஸ்க் வாங்கி, லினக்ஸின் எம்டிஅட்மின் கொண்டு ஒன்றுக்கொன்று நகலாக இணையுங்கள். மதர்போர்டு பழுதானாலும் டிஸ்க்குகளைக் கழற்றி வேறு லினக்ஸ் கணினியில் மாட்டிப் படிக்கலாம். தவறுதலாக அழித்த ஃபைல் இரண்டு டிஸ்க்கிலும் அழிந்துவிடும் என்பதால், வாராவாரம் வெளியே ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.