ஒரே அரபி ஊரெல்லாம் செல்லுமா?

கெய்ரோ, அம்மான், குவைத், மராகெஷ் என்று எங்கே போனாலும் பையில் ஒரே அரபிக் கையேடு. அரபு நாடுகளுக்குக் கிளம்பும் நம்மவர்கள் பலர் அப்படித்தான் போகிறார்கள். கையேட்டோடு சில நம்பிக்கைகளும் கூடவே விமானம் ஏறுகின்றன.

நம்பிக்கை: அரபி எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

எழுத்தும் செய்தி வாசிப்பும் மேடைப்பேச்சும் ஏறக்குறைய ஒன்றுதான். ஃபுஸ்ஹா என்பது அதன் பெயர். வீட்டிலும் கடையிலும் புழங்குவது ஆம்மிய்யா. அது நாட்டுக்கு நாடு மாறும். மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் இரட்டை வழக்கைப் பற்றி 1959இல் எழுதிய கட்டுரையில் உதாரணமாக எடுத்துக்கொண்ட நான்கு மொழிகளில் அரபியும் ஒன்று. எழுத ஒரு தமிழ், பேச ஒரு தமிழ் என்று வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரிய வேண்டும்.

'எனக்கு வேண்டும்' என்பதற்குக் கையேடு 'உரீது' என்கிறது. கெய்ரோவில் ஆண் சொல்வது 'ஆயிஸ்', பெண் சொல்வது 'ஆய்ஸா'. பெய்ரூட்டிலும் டமாஸ்கஸிலும் 'பித்தி'. வளைகுடாவில் 'அபீ', மொராக்கோவில் 'ப்கீத்'. நலம் விசாரிப்பதும் அப்படித்தான்: கெய்ரோவில் 'இஸ்ஸய்யக்', பெய்ரூட்டில் 'கீஃபக்', குவைத்தில் 'ஷ்லோனக்', மராகெஷில் 'லா பாஸ்'. இவையும் ஆணிடம் கேட்பவை. பெண்ணிடம் 'இஸ்ஸய்யிக்', 'கீஃபிக்' என்று முடிவு மாறும். மொராக்கோவின் 'லா பாஸ்' மட்டும் இருவருக்கும் ஒன்று.

'உரீது' என்றால் அங்கே யாருக்கும் புரியாது என்பதில்லை, நன்றாகவே புரியும். ஆனால் பதில் தெருப்பேச்சில்தான் வரும், அது உங்களுக்குப் பிடிபடாது. ஆகவே போகிற ஊரின் பேச்சைப் படியுங்கள்; இருபது வாக்கியம் போதும். பல நாடுகள் சுற்றப் போகிறவர் எகிப்தியப் பேச்சை எடுத்துக்கொள்ளலாம். கெய்ரோவின் சினிமாவும் உம் குல்சூமின் பாட்டும் அதை அரபுலகம் முழுக்கக் கொண்டு சேர்த்திருக்கின்றன. மொராக்கோக்காரர்கள் பேசும் தாரிஜா, கிழக்கே உள்ள அரபிகளுக்கே சிரமம்தான்.

நம்பிக்கை: வளைகுடாவில் பல வருஷம் இருந்தவருக்கு அரபி அத்துப்படி.

'மாஃபீ மாலூம்', 'அனா ரூஹ்', 'இன்த ஜீப்'. பொதுமொழி இல்லாத தொழிலாளர்களும் முதலாளிகளும் ஒருவருக்கொருவர் புரியவைக்கப் புழங்கிப் புழங்கி உருவான கலப்புப் பேச்சு இது. மொழியியலாளர்கள் இதைத் தனியாக ஆராய்கிறார்கள். பள்ளிக்கூடமே இல்லாமல் கடும் வேலைக்கு நடுவே இதைக் கற்று ஆயுள் முழுக்கச் சமாளித்தவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் அதில் வினை திரிவதில்லை. 'ரூஹ்' என்றால் 'போ'. அதையே 'போகிறேன்' என்பதற்கும் சொல்வார்கள். 'இன்த' ஆணுக்குரிய 'நீ'. அதைக் கெய்ரோவில் ஒரு மூதாட்டியிடம் சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்? எகிப்தியர்களிடம் நம் 'நீங்கள்' போல ஒரு மரியாதைச் சொல் உண்டு: ஆணுக்கு 'ஹத்ரிதக்', பெண்ணுக்கு 'ஹத்ரிதிக்'. பயணக் கையேடுகள் பலவற்றில் இது இருப்பதில்லை என்பது எனக்குப் பெரிய குறை. 'கொஞ்சம் தயவுசெய்து' என்பதற்கு ஆணிடம் 'லவ் ஸமஹ்த்', பெண்ணிடம் 'லவ் ஸமஹ்தி'. ஏவல் சொற்களுக்கு முன்னால் படிக்க வேண்டியவை இவை.

நம்பிக்கை: 'இன்ஷா அல்லாஹ்' என்றால் நடக்காது என்று பொருள், முஸ்லிம்கள் மட்டும் சொல்வது.

இரண்டும் தவறு. எகிப்தின் கிறிஸ்தவர்களும் அன்றாடம் சொல்கிறார்கள். உறுதியாக வருகிறவரும் சொல்வார், நழுவுகிறவரும் சொல்வார். சந்தேகமாக இருந்தால் 'இஸ்ஸாஆ காம்?' என்று மணியைக் கேளுங்கள். வருகிறவர் நேரம் சொல்லிவிடுவார்.

நம்பிக்கை: நாம் எழுதும் 1, 2, 3க்கே அரபு எண்கள் என்றுதான் பெயர், விலைப்பலகையைப் படிப்பதில் சிக்கல் இல்லை.

மொராக்கோவிலும் துனிசியாவிலும் சிக்கல் இல்லை. கெய்ரோவின் பழக்கடையில் உண்டு. மாம்பழத்துக்கு அங்கே 'மங்கா' என்று பெயர். 'லவ் ஸமஹ்த், கீலோ இல்மங்கா பிகாம்?' என்று கேட்கிறீர்கள். கடைக்காரர் குவியலில் செருகிய அட்டையைக் காட்டுகிறார். திருப்பிப் போட்ட 3 போல ஒன்று, பக்கத்தில் ஒரு வட்டம். வட்டத்தைப் பூஜ்யம் என்று படித்தால் கணக்கு தப்பும். வட்டம்தான் 5, பூஜ்யத்துக்கு வெறும் புள்ளி. முதலில் இருப்பது 4. ஆக விலை 45. நம் 7 போலத் தெரிவது 6. மேலே வாய் திறந்த கூம்பு 7, அதையே கவிழ்த்தால் 8. எழுத்து வலமிருந்து இடமாக ஓடினாலும் எண்ணை நம்மைப் போல இடமிருந்தே படிக்க வேண்டும்.

வாயால் சொல்லும்போது மட்டும் ஒன்றின் இலக்கம் முந்திக்கொள்ளும்: 'கம்ஸா வ அர்பஈன்', ஐந்தும் நாற்பதும். கையேட்டின் வணக்க வாக்கியங்களைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, கிளம்புவதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து இந்தப் பத்து வடிவங்களையும் எழுதிப் பாருங்கள். டாக்ஸி எண்ணும் பஸ் எண்ணும்கூட இவற்றில்தான் இருக்கும்.