பள்ளிக்கும் பணிக்கும் பஸ்

கிராமத்துப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்கும், பெரியோர் நகரத்து வேலைக்கும் நாள்தோறும் சென்று வருகின்றனர். இப்பயணத்திற்கு பஸ் ஏற்றதா, சொந்த வண்டி ஏற்றதா என்பதை நாம் கணக்கிட்டே தீர்மானித்தல் நன்று.

செலவு

பள்ளி 12 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். தந்தை காலையில் பிள்ளையை விட்டுத் திரும்பி, மாலையில் மீண்டும் சென்று அழைத்து வந்தால், நாளொன்றுக்கு 48 கிலோமீட்டர் ஆகிறது. லிட்டருக்கு 48 கிலோமீட்டர் ஓடும் வண்டியாயின் தினமும் ஒரு லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என வைத்தால், 22 பள்ளி நாட்களுக்கு 2,200 ரூபாய். வண்டியின் தேய்மானமும் வேலை நேர இழப்பும் இதில் சேரவில்லை. அரசு பஸ்ஸிலோ மாணவர்க்கு இலவச பாஸ் உண்டு. சாதாரணக் கட்டண நகர பஸ்களில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது.

பாதுகாப்பு

தந்தைக்கு நேரமில்லாத நாளில் வண்டி மகன் கைக்குப் போகிறது. தோழர் இருவரும் உடன் ஏறுகின்றனர். 50 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளை ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பின்னால் ஒருவரே அமரலாம். 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தப்படி, சிறுவன் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். சிறுவனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. இவற்றினும் பெரிது பிள்ளையின் உயிர்.

நாம் செய்ய வேண்டுவன

பள்ளி மணி அடித்த பின் வந்து சேரும் பஸ்ஸால் பயனில்லை என்பது உண்மையே. ஆதலால் குறையை முறையிட்டு நீக்கிக்கொள்ள வேண்டும்.

1. எத்தனை பேர், எந்த ஊருக்கு, எந்நேரத்தில் செல்கின்றனர் என வீடுதோறும் கேட்டுப் பட்டியல் தயாரித்தல்.

2. பள்ளி தொடங்கும், முடியும் நேரங்களைக் குறித்துத் தலைமையாசிரியரிடம் கடிதம் பெறுதல்.

3. இவற்றுடன் கிராம சபைத் தீர்மானத்தைச் சேர்த்து, போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் நேர மாற்றமோ கூடுதல் நடையோ கோருதல்.

4. பஸ் வராத குக்கிராமத்தார் நிறுத்தம் வரை சைக்கிளில் வர, அங்கே சைக்கிள் கொட்டகை அமைத்தல்.

நோயாளியை அழைத்துச் செல்லவும், பஸ் இல்லாத இரவு வேலைக்கும் சொந்த வண்டி தேவையே. ஆனால் கேட்டுப் பெற்ற பஸ்ஸில் நாம் ஏறாவிடில் அந்நடை நிலைக்காது. அதையே நம்பியுள்ள ஏழைக் குழந்தையின் படிப்பும் தடைப்படும். பஸ்ஸைக் கேட்பதோடு அதில் தவறாது பயணம் செய்வதும் நம் கடமையாகும்.