நச்சு ஆவியை உணர்த்தும் பீங்கான்

கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களைக் கேள்விப்படாத மலேசியர் இலர். அங்கு மண்ணிலிருந்து அலசி எடுக்கப்பட்ட தாதுமணல், வெள்ளீயமும் பிராணவாயுவும் சேர்ந்த வெள்ளீய ஆக்சைடு ஆகும். அதே பொருளைத் தூய நிலையில் தயாரித்து, நுண்தூளாக்கிச் சுட்டுப் பீங்கானாக்கினால், காற்றில் கலந்த ஆவிகளை உணரும் கருவி கிடைக்கிறது.

நமது மூக்கே போதாதா எனச் சிலர் வினவலாம். போதாது. இரப்பர்ப் பசை, சாயம் முதலியவற்றில் கலக்கப்படும் தொலுவீன் போன்ற திரவங்கள் எளிதில் ஆவியாகின்றன. அவற்றின் வாடை முதலில் தெரியும். சற்று நேரத்தில் மூக்கு அதற்குப் பழகிவிடும். வாடை நீங்கிவிட்டதென நாம் எண்ணுவோம், ஆவியோ நீங்கியிராது. தலைவலியும் மயக்கமும் பின்தொடரும். பென்சீன் இன்னும் கொடியது. அதன் வாடையை மூக்கு அறியுமுன்பே ஆவி பாதுகாப்பு வரம்பைக் கடந்திருக்கக் கூடும். நெடுநாள் சுவாசித்தால் இரத்தப் புற்றுநோய் உண்டாகலாம்.

ஜப்பானில் வீடுகளில் சமையல் எரிவாயு கசிந்து வெடித்த விபத்துகளைக் கண்ட நாவோயோஷி தாகுச்சி என்பார், வெள்ளீய ஆக்சைடு உணர்கருவிக்கு 1962-ஆம் ஆண்டில் காப்புரிமை கோரினார்.

அது இயங்கும் முறை எளியது. பீங்கானை 200 முதல் 400 பாகை செல்சியஸ் வரை மின்சாரத்தால் சூடாக்குவர். அப்போது காற்றிலுள்ள பிராணவாயு அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, பீங்கானிலுள்ள மின்னணுக்களைப் பிடித்துவைக்கும். மின்சாரம் செல்வதற்குத் தடை மிகும். எரிவாயுவோ கரைப்பான் ஆவியோ வந்தால், ஒட்டியிருந்த பிராணவாயு அதனுடன் சேர்ந்து விலகும். மின்னணுக்கள் விடுபட, தடை குறையும். அந்த மாற்றமே எச்சரிக்கை மணியை ஒலிக்கச் செய்கிறது.

எனினும் இக்கருவிக்கும் குறைகள் உண்டு. வந்தது இன்ன ஆவி எனப் பிரித்தறிய எளிய கருவியால் இயலாது. சாராய ஆவிக்கும் அது ஒலிக்கும். ஈரக் காற்று அதன் அளவைப் பிறழச் செய்யும். மிகச் சிறு அளவுள்ள பென்சீனை அது தவறவிடலாம். ஆகவே மணி ஒலிக்கவில்லை என்பதனாலேயே ஆபத்தில்லை எனக் கருதலாகாது. காற்றோட்டமும் உரிய முகமூடியும் என்றும் தேவை.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது; தரையை ஒட்டித் தேங்கும். எனவே அதற்கான கருவியைத் தரைக்கு அருகில் பொருத்த வேண்டும். மணி ஒலித்தால் விளக்கின் விசையைத் தொடாதீர், நெருப்பை மூட்டாதீர். இயலுமாயின் உருளையின் திறப்பை மூடி, கதவைத் திறந்து, குழந்தைகளுடன் வெளியேறுங்கள். தொழிற்சாலையில் ஒலித்தாலும் முதலில் வெளியேறுவதே முறை. வாடை தெரியவில்லையே என்று உள்ளே நிற்பது உயிருக்கு ஆபத்தாகும்.