மூட்டுத் துணையுணவும் இதய நலமும்

கள்ளக்குறிச்சியின் கரும்பு வயல்களிலும் கல்வராயன் மலைச் சரிவுகளிலும் உழைத்து முதுமையெய்தியோர் பலரை வாட்டுவது முழங்கால் வலியாகும். வெளியூரில் பணிபுரியும் மக்கள், பெற்றோரின் இன்னல் தீர வேண்டி மூட்டுத் துணையுணவுப் புட்டிகளை வாங்கி அனுப்புகின்றனர். அவை இதயத்தையும் காக்கும் என்ற செய்தி கைப்பேசி வாயிலாக இப்பொழுது பரவி வருகிறது. அதை நம்பி இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துவோர் உளராயின், அது உயிருக்கே ஊறு செய்யும். ஆதலின் இச்செய்தியின் உண்மையை நாம் ஆராய்ந்தறிதல் நலம்.

துணையுணவு யாது?

இப்புட்டிகளில் பெரும்பாலும் இருப்பது குளுக்கோசமைன் என்னும் பொருள். எலும்புகளின் முனையில் மெத்தை போல் அமைந்த குருத்தெலும்பிற்காக நம் உடலே இதனை ஆக்கிக்கொள்கிறது. விற்பனைக்கு வருவது பெரும்பாலும் இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து எடுக்கப்படுகிறது.

ஆராய்ச்சி கூறுவது

பிரிட்டனில் 4,66,039 பேரை ஏறத்தாழ 7 ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2019-இல் வெளியாயிற்று. குளுக்கோசமைன் உட்கொண்டோரிடம் இதய, இரத்தக்குழாய் நோய்கள் 15 சதவீதம் குறைவாகக் காணப்பட்டன. புதிய செய்தியின் வேர் இதுவே.

ஆயினும் இதனைக் கொண்டு முடிவு கட்டலாகாது. புதிய உரத்தை முதலில் வாங்கும் விவசாயி, களையையும் காலத்தில் எடுப்பவராகவே இருப்பார். அவருடைய வயலில் விளைச்சல் மிகுந்தால், உரமொன்றே காரணம் என்போமா? ஒரே வயலை இரு பாத்திகளாகப் பிரித்து, ஒன்றிற்கு மட்டும் உரமிட்டுப் பார்த்தாலன்றோ உண்மை விளங்கும்! துணையுணவு உண்டோரும் உடற்பயிற்சியிலும் உணவிலும் பிறரைவிடக் கருத்துடையோராய் இருந்தனர். இதயத்திற்கு அது நன்மை செய்யும் எனப் பாத்தி பிரித்தாற்போன்ற சோதனை எதுவும் இதுவரை நிறுவவில்லை. முழங்கால் வலிக்கு அமெரிக்காவில் 1,583 பேரிடம் அத்தகைய சோதனை நடத்தப்பெற்று 2006-இல் முடிவு வெளிவந்தது. மொத்தத்தில், வெற்று மாத்திரையைவிடக் குளுக்கோசமைன் குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை.

எச்சரிக்கை

இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்வோர், மருத்துவரைக் கேளாது இத்துணையுணவைத் தொடலாகாது. இரத்தக் கசிவு நேரலாம். இறால், நண்டு ஒவ்வாதோரும் விலக்குதல் நன்று.

இதனினும் பெருந்தீங்கு, கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளால் விளைவதாகும். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் முதலியவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்துகின்றன. மாரடைப்பிற்கும் சிறுநீரகக் கேட்டிற்கும் வழி கோலுகின்றன. மூட்டிற்காக உண்பது இதயத்தைத் தாக்குவது இவ்வாறே.

செய்யத்தக்கவை

மூட்டு, இதயம் இரண்டிற்கும் நலம் பயக்கும் வழிகள் செலவற்றவை. உடல் பருத்தோர் 1 கிலோ எடை குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறையும். திண்ணையில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, மெல்லத் தாழ்த்துக. ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை செய்தால் தொடைத்தசை வலுப்பெற்று முழங்காலைத் தாங்கும். உப்பை நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடக்குதலும், புகையிலையை அறவே விடுதலும் இதயத்தைக் காப்பன.

2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ், இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் உரிய மாத்திரைகள் இல்லத்திற்கே கட்டணமின்றி வருகின்றன. தேவைப்படுவோர்க்கு இயன்முறைப் பயிற்சியும் அளிக்கப்படுகிறது. மலையூர்களின் முதியோர் இதனை முழுதும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

மகளிர் குழுவினர் தத்தம் தெருவில் இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளாத முதியோரைக் கணக்கெடுத்துச் சுகாதாரத் தன்னார்வலரிடம் தெரிவித்தல் சிறந்த தொண்டாகும். புட்டிக்குச் செலவிடும் பொருள் பாலாகவும் பயறாகவும் காய்கறியாகவும் வீடு வந்து சேரட்டும். மருத்துவர் தந்த மாத்திரையை ஒருநாளும் தவறவிடாதிருப்போமாக!