சென்டாய் போகும் மருமகளுக்கு

அன்பு மருமகளே,

தோஹோகு பல்கலைக்கழகத்தில் உனக்கு இடம் கிடைத்ததை அப்பா போனில் சொன்னதும் அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. போனை வைத்த பிறகுதான் கவலை பிடித்துக்கொண்டது: முட்டைகூடத் தொடாத பிள்ளை சென்டாயில் என்ன சாப்பிடும்? வீட்டில் விசா, ஹாஸ்டல், கம்பளிச்சட்டை எல்லாம் பேசி முடித்திருப்பார்கள். சாப்பாட்டு விஷயத்தை டோக்கியோவின் நிஷிகசாயில் வருடக்கணக்காகக் குடித்தனம் நடத்திவரும் அத்தை எழுதுவதுதான் முறை.

டோக்கியோவுக்கு வரும் நம்மவர்களுக்கு நிஷிகசாய் இருக்கிறது. கொல்கத்தாவிலிருந்து வந்த ஜக்மோகன் சந்திரானி என்ற தேயிலை வியாபாரி 1970-களின் கடைசியில் இங்கே குடியேறினார். 2000-ஆம் ஆண்டின் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய இந்திய இன்ஜினீயர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியபோது, அவர்களுக்கு வீடு கிடைக்க உதவியதும் நம்மூர்ச் சாப்பாட்டுக்கு வழி செய்ததும் அவர்தான். இன்று இங்கே துவரம்பருப்பு வாங்கச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து போனால் போதும். குராமாயே பக்கம் அம்பிகா கடை இருக்கிறது. ஷின்ஒகுபோவில் ஒரு சந்து முழுக்க மசாலா வாசனை. சென்டாய் டோக்கியோவிலிருந்து வடக்கே, புல்லட் ரயிலில் ஒன்றரை மணி நேரம். இந்த வசதியை மனதில் வைத்துக்கொண்டு அங்கே போகாதே.

வெளியூரில் படிக்கும் நம் பிள்ளைகள் வழக்கமாகச் செய்வது ஒன்று உண்டு. டோக்கியோவுக்கு ஆர்டர் போட்டுப் பெரிய பெட்டியாக மளிகை வரவழைப்பார்கள். பெட்டி தீரும்வரை சாம்பார், தீர்ந்ததும் ரொட்டியும் ஜாமும். பக்கத்துத் தெருவில் சூப்பர் மார்க்கெட் இருக்கும்; எதை எடுத்தாலும் மீன் இருக்குமோ என்ற பயத்தில் உள்ளே போகவே மாட்டார்கள். அத்தைக்கு இது சரியாகப் படவில்லை. சமையலில் பாதிக்கு மேல் அந்த ஊர்க் கடையிலிருந்தே வர வேண்டும். அங்கே கிடைக்காததற்கு மட்டும்தான் பார்சல்.

பயம் நியாயமானதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியச் சமையலுக்கு அடிப்படை தாஷி என்ற சாறு. பெரும்பாலும் கத்சுவோபுஷியைக் கொதிநீரில் போட்டு வடித்து எடுப்பார்கள். கத்சுவோபுஷி என்பது நம் ஊரில் மாசிக்கருவாட்டுக்குப் பயன்படும் அதே சூரை இன மீனை அவித்து, புகைபோட்டு, கட்டைபோல உலர்த்தியது. மிசோ என்ற புளித்த சோயா விழுதில் வைக்கும் சூப்பில் அது உண்டு. சோபா, ஊதோன் நூடுல்ஸை முக்கிச் சாப்பிடும் குழம்பில் உண்டு. வெறும் கீரையை அவித்துத் தந்தாலும் அதில் ஊறியிருக்கும். சுட்ட கத்தரிக்காய் கேட்டால் அழகாகத் தோலுரித்து வைப்பார்கள்; மேலே பென்சில் சீவியதுபோல மெல்லிய செதில்கள் சூட்டில் நெளிந்துகொண்டிருக்கும். அதுவும் அந்த மீன்தான்.

அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று ஒருநாளும் நினைக்காதே. 675-ல் தென்மு சக்கரவர்த்தி மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி இவற்றை உண்பதற்கு ஆண்டின் சில மாதங்களுக்குத் தடை போட்டார். பௌத்தத்தின் செல்வாக்கால் அதற்குப் பிறகும் பல நூற்றாண்டுகள் இறைச்சியை ஒதுக்கிவைக்கும் வழக்கம் நீடித்தது. மெய்ஜி சக்கரவர்த்தி மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்பது 1872-ல் நாடு முழுக்கச் செய்தியானது. இத்தனை காலத்திலும் மீனை யாரும் அப்படி ஒதுக்கிவைக்கவில்லை. அதனால் ‘நிக்கு’, அதாவது இறைச்சி, சாப்பிடமாட்டேன் என்று நீ சொன்னால் மாடும் பன்றியும் வேண்டாம் போலிருக்கிறது என்று புரிந்துகொண்டு, அன்போடு மீன் சூப் கொண்டுவந்து வைப்பார்கள். நீ சொல்ல வேண்டியது: “நிக்கு மோ சகானா மோ தபேமசென். கத்சுவோ தாஷி மோ தாமே தெசு.” இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை, மீன் சாறும் ஆகாது. ஜப்பானிய எழுத்தில் இதை ஒரு தனித்தாளில் எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்.

அதே தாளின் பின்பக்கத்தில் இன்னும் சில எழுத்துகள் இருக்கும்: பன்றி, கோழி, மாடு, மீன், முட்டை, கத்சுவோ, ஜெலட்டின், லார்டு, ‘எக்கிசு’. பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலில் இவற்றைத் தேடு. எக்கிசு என்றால் சாறு. அதற்கு முன்னால் என்ன எழுத்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும். சாதாரண ரொட்டியில் லார்டு என்ற பன்றிக்கொழுப்பு இருக்கலாம். இனிப்புத் தயிரில் ஜெலட்டின் இருக்கலாம். காய்கறிப் படம் போட்ட, குழம்புக்குக் கரைக்கும் கறிக்கட்டியில் மாட்டுக்கொழுப்போ பன்றிக்கொழுப்போ இருக்கலாம். உருளைக்கிழங்கு சிப்ஸில் கோழிச்சாறு இருக்கலாம்.

ஒவ்வாமைக்காகப் பட்டியலின் கீழே தனியாகப் போடும் குறிப்பை மட்டும் பார்த்து வாங்கிவிடாதே. முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு, நிலக்கடலை எல்லாம் கட்டாயம் குறிப்பிட வேண்டியவை. 2023-ல் வால்நட்டும் சேர்ந்தது. கத்சுவோவைக் குறிப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. முட்டை இல்லை என்று கண்டுபிடிக்க அந்தக் குறிப்பு உதவும், மீன் இல்லை என்று கண்டுபிடிக்க உதவாது.

முதல் மாதம் ஒரு கடையில் ஒரு மணி நேரம் ஆகும். மூன்றாம் மாதம் கண் தானாகவே அந்த எழுத்துகளில் போய் நிற்கும்.

இனி நல்ல செய்தி. காய்கறிப் பகுதிக்குப் போ. வெண்டைக்காய் பச்சை வலைப்பையில் விரல் நீளத்துக்குப் பிஞ்சாக இருக்கும். அங்கே அதற்கு ‘ஓக்குரா’ என்று பெயர். கத்தரிக்காய், பீன்ஸ், பரங்கி, சர்க்கரைவள்ளி, தாமரைக்கிழங்கு எல்லாம் உண்டு. கோடையில் ஒகினாவா பாகற்காய் வரும். ‘சதோய்மோ’ என்று மண் ஒட்டிய சிறு கிழங்கு விற்பார்கள், அது நம் சேப்பங்கிழங்கேதான். வேகவைத்துத் தோலுரித்து வறுத்தால் ஊர் ருசி அப்படியே இருக்கும். முழங்கை தடிமனில் வரும் தைக்கோன் முள்ளங்கி ஒன்று வாங்கினால் ஒரு வாரச் சாம்பாருக்கு ஆகும். கீரைக்குக் கோமாத்சுனா: தண்டைப் பொடியாக நறுக்கிப் பாசிப்பருப்போடு கூட்டு வை. மாதக் கடைசியில் கை கடித்தால் மொயாஷி முளைப்பயறு இருக்கிறது. ஒரு பாக்கெட் பெரும்பாலும் 30, 40 யென்தான். பாசிப்பயற்றிலும் உளுந்திலும் முளைகட்டி அதை விற்கிறார்கள்.

பால், தயிர், வெண்ணெய்க்குக் குறைவே இல்லை. இனிப்பு சேராத தயிர் 400 கிராம் டப்பாவில் வரும். அதில் ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றலாம். உப்பில்லாத வெண்ணெயாகப் பார்த்து வாங்கி நெய் காய்ச்சிக்கொள். ஜப்பானிய அரிசி ஒட்டும், ரசம் சாதத்துக்குச் சரிவராது. ஆனால் தயிர்சாதமும் வெண்பொங்கலும் அதில் வருவதுபோல நம் பொன்னியிலும் வராது என்பது அத்தையின் தீர்ப்பு. பாசுமதி விலையைப் பார்த்துத் திகைக்காதே. உள்ளூர் விவசாயிகளைக் காப்பாற்ற, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வெளிநாட்டு அரிசி வந்தால் கிலோவுக்கு 341 யென் வரி போடுகிறார்கள். பாசுமதியை விருந்தாளி வரும் நாளுக்கு வைத்துக்கொள்.

தாஷியில் மீன்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஜென் மடங்களில் சமைக்கும் ஷோஜின் ரியோரியில் மீன், முட்டை மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. அங்கே சாறு எடுப்பது கோம்பு என்ற கடற்பாசியிலும் உலர்ந்த ஷிடாக்கே காளானிலும். 1908-ல் இக்கேதா கிக்குனாயே என்ற டோக்கியோ பேராசிரியர் உமாமி ருசிக்குக் காரணமான குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்ததே கோம்புவிலிருந்துதான். மறு ஆண்டே அது அஜினோமோட்டோவாக விற்பனைக்கு வந்தது. நீயும் செய்யலாம்: ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கோம்புவை ராத்திரி ஃப்ரிட்ஜில் ஊறவை. காலையில் அந்தத் தண்ணீரைச் சூடாக்கி, மிசோவைக் கரைத்து, தோஃபுவைப் போட்டால் சூப் தயார். மிசோ வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். ‘தாஷி இரி’ என்று போட்டிருந்தால் மீன் கலந்திருக்கும். சோயா, அரிசி, உப்பு மூன்று மட்டும் இருக்கும் மிசோவை எடு. சென்டாய் மிசோ என்று சிவப்பாக ஒன்று, உன் ஊரின் பெருமை. நத்தோ என்ற புளித்த சோயாப் பயறு உனக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, டப்பாவுக்குள் இருக்கும் குட்டிச் சாஸ் பொட்டலத்தை எடுத்து ஓரம் வை. அதில் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும்.

சென்டாயில் நிம்மதியாகச் சாப்பிடக்கூடிய இரண்டு பண்டங்கள் உண்டு. ஒன்று ஸுந்தா மோச்சி: பச்சை சோயாப் பயற்றை அவித்து மசித்து, சர்க்கரை சேர்த்து, அரிசி உருண்டைமேல் பூசித் தருவார்கள். இன்னொன்று மேற்கே மலைப்பக்கம் ஜோகி கோயில் வாசலில் பொரித்துத் தரும் முக்கோணத் தோஃபு. எண்ணெயிலிருந்து எடுத்ததும் தட்டில் வைப்பார்கள். மேலே சோயா சாஸ் விட்டு மிளகாய்ப்பொடி தூவிக்கொள்ள வேண்டும். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. விடுமுறை நாளில் பஸ் பிடித்துப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வா. பொதுவாகவே இந்த நாட்டுப் பழைய இனிப்புகள் பயற்றிலும் அரிசியிலும் செய்தவை. யோக்கான் என்ற பயற்று இனிப்புக் கட்டிக்குக்கூடப் போடுவது கடற்பாசியில் எடுத்த அகர்தான். இனிப்பு விஷயத்தில் நீ பாக்கியசாலி.

இட்லியைப் பற்றிக் கேட்பாய். உளுந்தும் இட்லி ரவையும் பார்சலில் வரும். சென்டாய்க் குளிரில் மாவு பொங்காது. அங்கே விற்கும் மைக்ரோவேவ் அவன் பலவற்றில் ரொட்டி மாவு புளிக்கவைக்க ‘ஹக்கோ’ என்று ஒரு பட்டன் உண்டு. அதில் 30 டிகிரி வைத்து, மாவுப் பாத்திரத்தை உள்ளே வை. அந்தப் பட்டன் இருக்கிறதா என்று பார்த்து மைக்ரோவேவை வாங்கு, விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. அம்மா மிக்ஸியைப் பெட்டியில் திணிக்கப் பார்ப்பாள், விடாதே. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் மிக்ஸி இங்கே சரியாக ஓடாது.

பெட்டியில் எடுத்துவர வேண்டியது கொஞ்சம்தான். சாம்பார்பொடி, ரசப்பொடி, கட்டிப் பெருங்காயம், புளி, கடுகு, வெந்தயம். எல்லாம் கடையில் சீல் போட்ட பாக்கெட்டாக இருக்கட்டும், பொடியும் அப்படியே. பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய், நடுவதற்கான விதை எதையும் கொண்டுவராதே. தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்தில் விடமாட்டார்கள். பாட்டி மடியில் கட்டிக்கொடுக்கும் எலுமிச்சம்பழத்தையும் விடமாட்டார்கள். அவளிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டு வா. கறிவேப்பிலை டோக்கியோ கடைகளிலிருந்து குளிர்ப்பெட்டி கூரியரில் வரும். வந்ததும் ஈரம் போகத் துடைத்து, உருவி, ஜிப் பையில் போட்டு ஃப்ரீஸரில் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். தாளிக்கும்போது பனியோடு அப்படியே எண்ணெயில் போடு.

ஆய்வகத்தில் வரவேற்பு விருந்து வைப்பார்கள். மெனுவை முன்கூட்டியே முடிவுசெய்து பணம் கட்டிவிடும் ஊர் அது, போய் உட்கார்ந்த பிறகு மாற்ற முடியாது. ஏற்பாடு செய்பவரிடம் ஒரு வாரம் முன்பே அந்தத் தாளைக் காட்டு. அத்தையின் கட்டடத்தில் குடியிருந்த ஒரு மதுரைப் பையன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லிவிட்டான். குளிர்காலத்தில் சட்டி வைத்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் நாபே விருந்தில் அவனுக்கென்று கோம்பு சாறில் ஒரு சின்னச் சட்டி தனியே கொதித்தது. அதே கம்பெனியில் இன்னொருவர் சொல்லக் கூச்சப்பட்டு, ஒவ்வொரு விருந்துக்கும் வயிற்றுவலி என்று ஒதுங்கினார். நாளடைவில் அவரைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

தாஷியை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் சைவர்களும் இங்கே இருக்கிறார்கள். அது அவரவர் மனசு. குறை சொல்ல ஒன்றுமில்லை. நீ எந்தப் பக்கம் என்று முதல் வாரத்திலேயே முடிவு செய்துகொள். ஒருநாள் ஆகும், ஒருநாள் ஆகாது என்றால் சமைத்துப்போடுகிறவர்களுக்குத்தான் சங்கடம்.

அறை உறுதியானதும் அடுப்பு கேஸா, ஐஎச் மின் அடுப்பா என்று கேட்டு எழுது. ஐஎச் என்றால் அலுமினியக் குக்கர் உதவாது. அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டும் ஸ்டீல் குக்கர்தான் வேண்டும். அதை உன் அப்பா அங்கே வாங்குவதா, அத்தை இங்கே வாங்கி அனுப்புவதா என்று அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அத்தை